இயக்கமும் தேய்வும்: செயற்கை இடுப்பு மூட்டின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையின் வரலாறும் இதற்கு விலக்கன்று. சேர் ஜோன் சாண்லி (1911-1982) என்னும் ஆங்கிலேய நிபுணரின் தனிச்சாதனையாகவே அது எடுத்துரைக்கப்படுகின்றது. அவரது பங்களிப்பு மறுக்க முடியாதது. ஆயினும் அச்சாதனையைச் சாத்தியமாக்கிய சமூக உற்பத்திப் பின்னணியையும், சிகிச்சை பெற்றோரின் நடமாட்டம் பற்றிய கருத்துக்கள் மாறிய வகையையும் ஒருங்கே நோக்குதல் அவசியமாகும்.

செயற்கை மூட்டின் வரலாறு ஒரு முரண்பாட்டின் வரலாறு எனலாம். மூட்டுப் பொருத்தப்படுவது மனிதன் இயங்குவதற்காகவே. ஆனால் அவ்வியக்கமே மூட்டைத் தேய்க்கின்றது. உயிருள்ள எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். உலோகத்துக்கும் பிளாத்திக்குக்கும் அத்தகைய ஆற்றல் இல்லை. 1890-91 காலப்பகுதியில் பேர்லினில் தெமிஸ்தோக்கிளிஸ் குளுக் யானைத் தந்தத்தால் மூட்டுக்கள் அமைத்த காலந்தொட்டு இம்முரண்பாடு தொடர்ந்து வந்துள்ளது.

சாண்லி பணியாற்றிய றைற்றிங்ரன் மருத்துவமனை இங்கிலாந்தின் லங்காஷயர் பிரதேசத்தில் உள்ளது. முன்னர் அது காசநோயாளருக்கான நிலையமாக இருந்தது. 1948 இல் தேசிய சுகாதார சேவை தோன்றியமையும் காசநோய் குறைந்தமையும் அங்கு புதிய ஆய்வுக்கு இடமளித்தன. சாண்லி முதலில் பயன்படுத்திய தெஃப்லோன் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்தன. தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள இழையங்களைப் பாதித்தமையால், ஏறத்தாழ 300 நோயாளரிடத்து அம்முயற்சி தோல்வியுற்றது. அப்பொருளைத் தமது தொடையிலேயே புதைத்து அவர் சோதித்தமை குறிப்பிடத்தக்கது.

தீர்வு நெசவாலையின் பக்கமிருந்து வந்தது. லங்காஷயர் விசைத்தறிகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட ஒருவகைப் பொலியெதிலீனை 1962 இல் விற்பனையாளர் ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். சாண்லி அதனைப் பொருட்படுத்தவில்லை. அவரது தொழில்நுட்ப உதவியாளரான ஹரி கிறேவனே அதனைத் தேய்வுப் பொறியில் இட்டுச் சோதித்தார். மூன்று வாரம் இரவு பகலாக இயங்கியும், தெஃப்லோன் ஒரே நாளில் தேய்ந்த அளவுக்கு அது தேயவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அது மனித உடலில் பொருத்தப்பட்டது. நெசவுத்தொழிலின் தேவைக்காக வந்த பொருளும், ஒரு தொழிலாளியின் கைத்திறனும் இன்றி இச்சாதனை நிகழ்ந்திராது. இறந்தபின் தமது மூட்டுக்களை ஆய்வுக்கு அளிக்க முன்வந்த நோயாளரும் இவ்வறிவின் பங்காளிகளேயாவர்.

ஆரம்பத்தில், தேய்வுக்கு அஞ்சி, இச்சிகிச்சை பெரும்பாலும் முதியோருக்கே செய்யப்பட்டது. நோயாளர் வாரக்கணக்கில் மருத்துவமனையில் தங்கினர். இன்று அதே நாளிலோ மறுநாளிலோ அவர்கள் எழுந்து நடக்கத் தூண்டப்படுகின்றனர். அசையாதிருப்பின் தசை மெலிகின்றது; குருதி நாளங்களில் கட்டிகள் தோன்றுகின்றன. 1990 களின் இறுதியில் வழக்குக்கு வந்த, தேய்வு குறைந்த பொலியெதிலீன் இம்மாற்றத்துக்கு மேலும் வலுவூட்டியது. நடத்தல், நீந்துதல், சைக்கிள் ஓடுதல் ஆகியன விதந்துரைக்கப்படுகின்றன. பாய்தல், ஓடுதல் ஆகியவற்றில் எச்சரிக்கை வேண்டப்படுகின்றது. தேய்வு கழிந்த ஆண்டுகளையன்றி, வைத்த அடிகளையே பெரிதும் சார்ந்தது என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

எனினும் இவ்வறிவுரைகள் எவரை மனங்கொண்டு எழுதப்படுகின்றன? அவற்றில் 'உடலியக்கம்' என்பது பெரும்பாலும் ஓய்வுநேர நடையும் விளையாட்டுமே. சுமை தூக்குபவருக்கும், குந்தியிருந்து வேலை செய்யும் பெண்ணுக்கும் இயக்கம் என்பது பிழைப்பு. அவர்கள் தம் அடிகளின் எண்ணிக்கையைத் தாமே தீர்மானிப்பதில்லை. உடற்பயிற்சிக்கான நேரமும், வேலையிலிருந்து விடுப்பும், நடப்பதற்கேற்ற பாதையும் இல்லாதவிடத்து மருத்துவரின் அறிவுரை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

மூட்டின் தேய்வைத் தொழில்நுட்பம் பெருமளவு குறைத்துள்ளது. உழைப்பாளியின் உடல் தேயும் நிலைமையை மாற்றுவது தொழில்நுட்பத்தின் பணியன்று. அது சமூகத்தின் பணியாகும்.