நாகமா, நரகமா? – இயங்குதள மாற்றங்களின் ஊடே ஒரு பாடல்

தொப்பூர் என்றதும் நாளிதழ் வாசகர்களின் நினைவில் எழுவது கணவாய்ச் சாலையும், இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன லாரிகளும்தான். அந்தச் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய நம் வீட்டில் 2003 முதல் கணினி இருந்துவருகிறது. அதில் இயங்குதளம் மூன்று முறை மாறியது. விண்டோஸ் 98, எக்ஸ்பி, 7, 10 என்பது வரிசை. நான்காம் மாற்றத்திற்கு நம்மைத் தள்ளியது மைக்ரோசாப்ட் நிறுவனம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை அது நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு நம் பெட்டியில் இல்லை. புதிய பெட்டி வாங்கினோம். பரணில் கிடந்த முதல் வன்தட்டையும் அந்தச் சாக்கில் இறக்கி இணைத்துப் பார்த்தோம். இக்கட்டுரை அதில் கிடைத்ததைப் பற்றியது.

ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக இவ்வட்டாரத்து ஒப்பாரிப் பாடல்களைத் தொகுத்த காலம் அது. பாடிய பாட்டிமார்களின் திண்ணைகளில் அமர்ந்து கையால் எழுதி, இரவில் விண்டோஸ் 98இல் தட்டச்சு செய்தோம். எழுத்துரு, அச்சுக்கோப்பு செய்யும் கடையொன்றில் பிளாப்பியில் பெற்றது. ஆய்வேட்டில் ஒரு பகுதிப் பாடல்களே இடம்பெற்றன. எஞ்சியவை கோப்பில் தங்கின. கணினியில் ஏறியதால் இனி அழியாது என்று நம்பி, கையெழுத்துக் குறிப்பேடுகளை எடைக்குப் போட்டோம். தமிழ் படித்தவர் செய்யக்கூடாத காரியம்; செய்தோம்.

2005இல் எக்ஸ்பி ஏற்ற வந்த இளைஞர் ‘சி’ பகுதியை முழுவதும் துடைத்துவிட்டு, “சார், உங்க பைல் எல்லாம் ‘டி’யில பத்திரமா இருக்கு” என்றார். அவர் சொன்னது உண்மை. கோப்புகள் பத்திரமாகவே இருந்தன. ஆனால் திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் மட்டுமே. துடைக்கப்பட்ட ‘சி’யில்தான் எழுத்துரு இருந்தது. பிளாப்பி பூஞ்சை பிடித்திருந்தது, கடையும் மூடிவிட்டது.

இந்த விபத்து அன்று தமிழ் எழுதிய பலருக்கும் நேர்ந்தது. காரணத்தை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். கனடாவில் கு. சீனிவாசன் 1984இல் உருவாக்கிய ஆதமியும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசும் தனியாள் முயற்சிகள். தொடர்ந்து வந்த எழுத்துருக்களும் பெரும்பாலும் அவ்வாறே, ஒவ்வொன்றும் ஒரு தனி வழி. கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழ் என்று ஒன்று இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இருக்கைகளில் தமிழ் வடிவங்களை அமர்த்தியிருந்தார்கள். ஈழத்தமிழரிடையே பரவிய பாமினி அத்தகையது. எழுத்துரு என்னும் திரையை விலக்கினால் பின்னால் ஆங்கிலமே நிற்கும்.

இருக்கைகளை ஒழுங்குபடுத்த இணையத்தில் கூடிய தமிழார்வலர்கள் வகுத்தது திஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றவை டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும். திஸ்கிக்கும் ஒரு சோதனை காத்திருந்தது. அதில் ‘இ’ அமர்ந்த 173ஆம் இருக்கை, தேவைப்பட்டால் மட்டும் தோன்றும் இணைப்புக்கோட்டுக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டது. சில மென்பொருள்கள் அதைக் கோடென்றே கருதி மறைத்தன. ‘இலக்கியம்’ தலையிழந்து ‘லக்கியம்’ ஆயிற்று. பின்னர் ‘இ’க்கு 254ஆம் இடம் தரப்பட்டது. ஓர் உயிரெழுத்து வீடு மாறிய வரலாறு நம் இலக்கண நூல்களில் ஏறப்போவதில்லை.

ஒருங்குறி 1991இலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கிவிட்டது. ஆனால் விண்டோஸ் குடும்பத்தில் அதைப் புரிந்துகொண்ட முதல் இயங்குதளம் விண்டோஸ் 2000. லதா எழுத்துரு அதனுடன் வந்தது. எக்ஸ்பியிலும் தமிழ் இருந்தது, ஆனால் உறக்கத்தில். கட்டுப்பாட்டுப் பலகத்தின் மொழிப்பகுதிக்குச் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தில் குறியிட்டு, நிறுவல் குறுந்தகட்டையும் உள்ளே இட்டால்தான் அது கண் விழிக்கும். இரவல் தகட்டில் நிறுவியோர்க்குத் தமிழ் வெறுங்கட்டங்களாகவே தெரிந்தது. நம் வீட்டில் நெடுநாள் அப்படித்தான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்குப் பெயரவேண்டியிருந்தது. தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்-16ஐயும் தரமென அறிவித்தது 2010இல். அதற்குள் நம் ஒப்பாரிகள் ஐந்தாண்டு ஊமையாய்க் கிடந்திருந்தன.

சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் பலருடைய பழைய கோப்புகளை மீட்டன. நம்முடையது அவற்றின் பட்டியலில் இல்லாத எழுத்துரு. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதில் இருபதாண்டு ஓடிவிட்டது.

இம்முறை வழி ஒன்று தோன்றியது. அச்சிட்ட ஆய்வேடு கையில் இருக்கிறது. அதே பாடல்களின் புரியாத வடிவம் கோப்பில் இருக்கிறது. இரண்டையும் வரிக்கு வரி பொருத்தினால் எந்த இருக்கையில் எந்த எழுத்து என்ற பட்டியல் கிடைத்துவிடும். தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களில் உள்ள வட்டெழுத்தை வாசிக்கப் பழகும் மாணவர் செய்வதும் ஏறத்தாழ இதுதான். கல்லுக்கு ஒரு குறையும் இல்லை. வாசிக்கும் கண்தான் இடையில் மாறிப்போனது. மூன்று வாரத்தில் பட்டியல் முடிந்தது. பழைய எழுத்துருவில் கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கும், ஒருங்குறியில் பின்னால் என்பதால் வரிசையையும் மாற்றவேண்டியிருந்தது. அச்சில் ஏறாத பாடல்கள் ஒவ்வொன்றாய் வாய் திறந்தன.

சிக்கல் வேறிடத்தில் முளைத்தது. அந்த எழுத்துருவில் ரகரமும் காலும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. அந்நாளில் நாம் அவசரத்தில் ரகரத்துக்குக் கால் விசையையே பல இடங்களில் தட்டியிருக்கிறோம். திரையில் வேறுபாடு தெரியாததால் திருத்தவும் இல்லை. மாற்றிய பின் ‘மரம்’ என்பது ‘மாம்’ என்று வந்தது. ஓலைச்சுவடிகளிலும் ரகரமும் காலும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன. உ.வே.சா. காலத்துப் பதிப்பாசிரியர்கள் பொருளையும் யாப்பையும் கொண்டு ஊகித்த அதே இடத்தில், புதுக் கணினியின் முன் நாமும் அமர்ந்திருந்தோம்.

பெரும்பாலான இடங்களைப் பொருளே தீர்த்துவைத்தது. ஒரு பாடல் மட்டும் தீரவில்லை. கணவனை இழந்தவள் தான் இனி வாழப்போகும் வீட்டைச் சொல்லும் இடத்தில் வரும் சொல்லை ‘நாகம்’ என்றும் படிக்கலாம், ‘நரகம்’ என்றும் படிக்கலாம். பாம்பு குடிகொண்ட வீடா, வீடே நரகமா? இரண்டும் பொருந்துகின்றன, எதுகையும் உதவவில்லை. வட்டாரத்துப் பெண்கள் சிலரிடம் கேட்டோம். அந்தப் பாடலை அறிந்தவர் எவரும் இல்லை. பாடியவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் குரலில் அச்சொல்லைக் கேட்டது நாம் ஒருவரே, நமக்கும் நினைவில்லை.

‘நாகம்’ என்று மூலத்தில் வைத்து, ‘நரகம்’ என்பதைப் பாடபேதமாக அடிக்குறிப்பில் தந்திருக்கிறோம். தொகுப்பைத் தாளில் அச்சிட்டு, எழுத்துருப் பட்டியலையும் அதன் பின்னிணைப்பாகச் சேர்த்துக் கட்டிவிட்டோம்.