மேடை இருண்ட ஆண்டு

1948இல் நியூயார்க்கின் ராயல் ரூஸ்ட் இரவு விடுதியில் எடுக்கப்பட்ட படம் ஒன்று உண்டு. சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டன் தலையில் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார். வாத்தியம் மடியில் சாய்ந்திருக்கிறது. விரலிடுக்கில் சிகரெட். அவர் விட்ட புகை கறுப்புப் பின்னணியில் சுருள் சுருளாக எழுந்து, முகத்துக்கு மேலே வெண்மேகமாக நிற்கிறது. அந்தக் கணத்தில் அவர் வாசிக்கவில்லை. ஆனாலும் படத்தைப் பார்ப்பவர் காதில் ஜாஸ் கேட்கும்.

எடுத்தவர் ஹெர்மன் லெனர்ட். அப்போது அவருக்கு வயது 25. அந்த வேலைக்கு அவரை யாரும் அமர்த்தவில்லை. விடுதி முதலாளிகளோடு அவர் செய்துகொண்டது ஒரு பண்டமாற்று: படம் எடுத்துத் தருகிறேன், காசு வாங்காமல் உள்ளே விடுங்கள். விடுதியின் விளக்குகளுக்குப் பக்கத்திலேயே தன் ஃப்ளாஷ் விளக்குகளையும் பொருத்திவிடுவார். இடத்தின் இருட்டு அப்படியே இருக்கும். புகை மட்டும் ஒளிரும்.

அவருக்குப் பத்தாண்டு முன்பே இதே பாதையில் நடந்தவர் வில்லியம் காட்லீப். 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழில் ஜாஸ் பற்றிப் பத்தி எழுதிவந்தார். இரவுக் கச்சேரிக்குத் தனியாகப் புகைப்படக்காரர் அனுப்பப் பத்திரிகை செலவு செய்யாது என்றானதும், தானே ஒரு ஸ்பீடு கிராஃபிக் கேமராவை வாங்கிக்கொண்டார். அந்தக் காலத்து ஃப்ளாஷ் பல்பு ஒரு தடவைதான் எரியும், விலையும் அதிகம். ஆகவே ஓர் இரவுக்கு மூன்று நான்கு படம்தான். பாடகி எந்த இடத்தில் கண்ணை மூடுவார், டிரம்பெட் எந்த வரியில் மேலே தூக்கப்படும் என்பதைக் காது முன்கூட்டியே சொன்னால்தான் விரல் அழுத்தும். இந்தத் தொழிலின் அடிப்படைப் பாடம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். பில்லி ஹாலிடே பாடும்போது அவர் எடுத்த படத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லெனர்டின் கதைக்கு வருவோம். 1950களின் பிற்பாதியில் அவர் பாரிஸுக்குப் போய்விட்டார். ஃபேஷன், விளம்பரம் என்று பிழைப்பு ஓடியது. ஜாஸ் நெகட்டிவ்கள் பல பத்தாண்டுகள் தூங்கின. 1988இல் லண்டனில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோதுதான் உலகம் அவரைக் கண்டுகொண்டது. அப்போது அவருக்கு 65 வயது. பிறகு நியூ ஆர்லியன்ஸ் நகரில் குடியேறினார். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் வந்தது. கரை உடைந்து வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததில் சுமார் 8,000 பிரிண்டுகள் நாசமாயின. நெகட்டிவ்கள் மட்டும் பிழைத்தன. அவற்றை நகரின் ஆக்டன் அருங்காட்சியகப் பெட்டகத்துக்கு முன்பே மாற்றிவிட்டிருந்தார்கள். 82 வயதில் லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம்பெயர்ந்த அந்தப் பெரியவர், ஒவ்வொரு நெகட்டிவாக எடுத்துப் பார்த்து, மறுபடி வரிசைப்படுத்தி, டிஜிட்டலாக்கும் வேலையில் இறங்கினார். 2010இல் மறையும்வரை அந்த வேலை தொடர்ந்தது.

வீடு போய், ஊர் போய், எடுப்பதற்குக் கச்சேரியும் இல்லாதபோது ஓர் இசைப் புகைப்படக்காரர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு லெனர்ட் அப்படிப் பதில் சொல்லியிருந்தார். பதினைந்து ஆண்டு கழித்து அதே கேள்வி மொத்தத் தொழிலின் முன்னும் வந்து நின்றது.

கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச் 6 அன்று ஆஸ்டின் நகரின் 'சவுத் பை சவுத்வெஸ்ட்' விழா ரத்தானது. 12ஆம் தேதி லைவ் நேஷன், ஏஇஜி ஆகிய பெரும் நிறுவனங்கள் சுற்றுப்பயணங்களை நிறுத்தின. மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய பாதையைப் புகைப்படக்காரர்கள் 'பிட்' என்பார்கள். முதல் மூன்று பாட்டுக்கு மட்டும், ஃப்ளாஷ் இல்லாமல், தோளோடு தோள் இடித்துக்கொண்டு படம் எடுக்கும் இடம் அது. ஒரே வாரத்தில் அந்த இடம் இல்லாமல் போனது. மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு அதோடு வருமானமும் போனது.

பலர் முதலில் திறந்தது பழைய ஹார்டு டிஸ்க்குகளை. அவசரத்தில் தள்ளிவிட்ட படங்களில் நல்லவை கிடைத்தன. பிரிண்டுகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. சிலர் வீடியோ அழைப்பு வழியாகவே படம் எடுக்கத் தொடங்கினார்கள். பாடகர் தன் அறையில் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைப்பார். பல நூறு மைல் தள்ளி இருப்பவர், "கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்கள், திரைச்சீலையை விலக்குங்கள்" என்று சொல்லிக்கொண்டே திரையில் தெரியும் உருவத்தைப் பதிவு செய்வார். படம் மங்கலாகத்தான் வரும். ஆனால் கலைந்த படுக்கை, சுவரில் சாய்ந்த கிட்டார், மேக்கப் இல்லாத முகம் எல்லாம் அதில் இருக்கும். பிட்டில் எத்தனை வருடம் நின்றாலும் இவை கிடைக்காது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நீடம் நகரில் குடும்பங்களை அவரவர் வாசற்படியில் நிற்க வைத்துத் தெருவிலிருந்தே படம் எடுக்கும் வழக்கம் அந்த மார்ச்சில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவியது. கையில் லென்ஸ் இருந்தவர்களுக்கு அதுவும் ஒரு வழி.

அந்த ஆண்டு ஜூலையில் வந்த டெய்லர் ஸ்விஃப்டின் 'ஃபோக்லோர்' ஆல்பத்தின் அட்டையை நினைத்துப் பாருங்கள். பெரிய படப்பிடிப்புக் குழு இல்லை. தலை அலங்காரத்தையும் ஒப்பனையையும் பாடகியே பார்த்துக்கொண்டார். பெத் கராபிரான்ட் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் ஓங்கிய மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன உருவம். விலகி நிற்க வேண்டிய காலத்தின் கட்டாயமே அந்தப் படத்துக்கு அழகைத் தந்தது.

கச்சேரிகள் மெல்லத் திரும்பியபோதும் அந்த இடைவெளியே படத்தின் பொருளானது. ஆகஸ்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், கோஸ்ஃபர்த் பார்க் திடலில் 500 தனித்தனி மேடைத் தளங்கள் அமைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து பேர்வரை நிற்க வைத்தார்கள். 2021 ஜனவரியில் ஓக்லஹோமா சிட்டியில் ஃப்ளேமிங் லிப்ஸ் குழுவினரும் ரசிகர்களும் ஆளுயரப் பிளாஸ்டிக் பந்துகளுக்குள் நின்றபடி கச்சேரி நடத்தினார்கள். முகத்தை நெருங்கியே பழகிய கேமராக்கள் பின்வாங்கி, உயரே ஏறி, முழு அரங்கையும் பார்க்கக் கற்றன.

அரசு உதவியும் வந்தது. அமெரிக்காவில் 2020 மார்ச் 27 அன்று கையெழுத்தான கேர்ஸ் சட்டம், சொந்தத் தொழில் செய்வோருக்கும் வேலையிழப்பு உதவித்தொகையைத் திறந்துவிட்டது. ஜூலை இறுதிவரை வாரம் 600 டாலர் கூடுதலாகக் கிடைத்தது. டிசம்பரில் 1,500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அது முதன்மையாக அரங்குகளுக்கும் நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்கும். அந்த அரங்குகளின் நினைவைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கென்று அதில் தனியாக எதுவும் இல்லை. இது நியாயமல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய படங்களை விற்றுத் தாக்குப்பிடிக்க முடிந்தது, உரிமையைத் தன்னிடமே வைத்திருந்தவர்களால்தான். 1966இல் பீட்டில்ஸின் கடைசிப் பெருங்கச்சேரியைப் படமெடுத்த ஜிம் மார்ஷல் தன் படங்களின் உரிமையை விடாப்பிடியாகக் காத்தவர். பின்னாளில் நிலைமை மாறியது. 2015இல் ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவின் ஒப்பந்தம் படங்களின் உரிமையைக் குழுவுக்கே மாற்றித்தரக் கேட்டபோது, 'வாஷிங்டன் சிட்டி பேப்பர்' இதழ் கையெழுத்திட மறுத்து, ரசிகர்கள் எடுத்த படங்களை விலைக்கு வாங்குவதாக அறிவித்தது.

கேமராவோடு பிட்டுக்குள் நுழையும் இளைஞர்கள், கையெழுத்துப் போடும் முன் உரிமைப் பத்தியை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். எடுத்தவற்றின் பிரதி ஒன்றை வீட்டுக்கு வெளியே, தண்ணீர் எட்டாத இடத்தில் வையுங்கள்.