பூட்டும் சாவியும் முதல் ஆழ்கற்றல் வரை: புரதப் பிணைப்பைக் கணிக்கும் வரலாற்றில் சோதனைகளின் இடம்

முன்னுரை

மருந்துகளுள் பெரும்பாலானவை உடலிலுள்ள ஏதேனும் ஒரு புரதத்துடன் பிணைந்தே செயற்படுகின்றன. எந்த மூலக்கூறு எந்தப் புரதத்துடன், எவ்விடத்தில், எவ்வளவு வலிமையாகப் பிணையும் என்பதை ஆய்வகத்திற்குச் செல்லும் முன்பே கணிக்க இயலுமாயின் காலமும் பொருளும் மிச்சமாகும். இக்கணிப்பில் இயந்திரக் கற்றல் புகுந்த வரலாறு, ஒரு வழிமுறையை மற்றொரு வழிமுறை வென்ற கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அவ்வழிமுறைகளை மதிப்பிட்ட சோதனைகளின் வரலாற்றையும் உடன்வைத்து நோக்கினாலன்றி இத்துறையின் உண்மையான வளர்ச்சி புலப்படாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

வடிவம் என்னும் அடிப்படை

நொதியும் அது வினைபுரியும் பொருளும் பூட்டும் சாவியும்போலப் பொருந்துகின்றன என்று எமில் ஃபிஷர் 1894-இல் கூறினார். பொருந்தும் வேளையில் புரதமும் தன் வடிவை மாற்றிக்கொள்ளும் என்று 1958-இல் கோஷ்லாண்ட் அதனைத் திருத்தினார். அதே ஆண்டில் கெண்ட்ரூ குழுவினர் எக்ஸ் கதிர்ப் படிகவியலால் மயோகுளோபினின் முப்பரிமாண வடிவை வெளியிட்டனர். அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவாறு புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், தம் உடனாய்வாளர்களான இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் வரையறுத்தார். 1971-இல் புரதத் தரவு வங்கி ஏழு கட்டமைப்புகளுடன் தொடங்கப்பெற்றது. பின்னர் வந்த கணிப்பு முறைகளுக்கெல்லாம் இவ்வங்கியே விளைநிலமாயிற்று.

மதிப்பெண்ணிலிருந்து கற்றலுக்கு

மூலக்கூற்றைப் புரதத்தின் குழிவில் கணினி வழியே பொருத்திப் பார்க்கும் முறையை 1982-இல் குன்ட்ஸ் குழுவினர் வெளியிட்டனர். பொருத்தத்தின் வலிமையை எண்ணால் சொல்ல ஒரு மதிப்பெண் சார்பு தேவைப்பட்டது. 1994-இல் போம் அமைத்த சார்பு, ஹைட்ரஜன் பிணைப்பு முதலிய சில காரணிகளின் எடைகளை 45 புரத–மூலக்கூற்று இணைவுகளின் அளவீடுகளிலிருந்து பெற்றது. இயந்திரக் கற்றல் என்னும் பெயரை அது தாங்கவில்லை. எனினும் தரவே எடைகளைத் தீர்மானிக்கும் போக்கினை அதிலேயே காணலாம்.

கட்டமைப்புகளையும் அளந்தறிந்த பிணைப்பு வலிமைகளையும் இணைத்துத் தொகுத்த பிடிபிபைண்ட் என்னும் தரவுத்தொகுதி 2004-இல் வெளிவந்தது. அதனைக் கொண்டு பாலெஸ்டர், மிட்செல் இருவரும் 2010-இல் ஆர்எஃப்-ஸ்கோர் என்னும் முறையை உருவாக்கினர். அது 12 ஆங்ஸ்ட்ராம் தொலைவுக்குள் எந்த வகை அணுக்கள் எத்தனை முறை அருகருகே உள்ளன என்று எண்ணி, பல முடிவு மரங்களின் விடைகளைச் சராசரியாக்கியது. 195 இணைவுகள் கொண்ட சோதனைத் தொகுதியில் அதன் ஒட்டுறவுக் கெழு 0.776, முந்தைய சார்புகளுள் சிறந்து நின்ற எக்ஸ்-ஸ்கோர் பெற்றது 0.644.

ஆயின் அச்சோதனைத் தொகுதி 65 புரதக் குடும்பங்களிலிருந்து மும்மூன்றாக எடுக்கப்பட்டது. அக்குடும்பங்களின் பிற உறுப்புகள் பயிற்சித் தரவில் இருந்தன. ஒரு குடும்பத்தை முழுவதுமாகப் பயிற்சியிலிருந்து விலக்கிவிட்டு, அதன்மீதே சோதிக்க வேண்டும் என்று கிராமர், கெடெக் இருவரும் அதே ஆண்டில் வாதிட்டனர். அவ்வாறு சோதித்தபோது கணிப்புத்திறன் குறைந்தது. முன்னர்ப் பெற்ற உயர் மதிப்பெண்ணில் ஒரு பகுதி, பழகிய புரதங்களை அடையாளங்கண்டதால் வந்தது எனலாம்.

ஆழ்கற்றலும் மறைந்திருந்த சாய்வும்

2015-இல் ஆட்டம்நெட் என்னும் ஆழ்கற்றல் முறை அறிமுகமானது. இத்தகைய முறைகளைப் பயிற்றவும் சோதிக்கவும், 102 புரதங்களுக்குரிய பிணையும் மூலக்கூறுகளையும் பிணையாதவை எனக் கொள்ளப்பட்ட போலி மூலக்கூறுகளையும் அடக்கிய டட்-இ தொகுதி (2012) பரவலாகப் பயன்பட்டது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, புரதத்தைப் பற்றிய தகவல் முழுவதையும் நீக்கிய பின்னரும் நரம்பு வலையமைப்பின் திறன் ஏறத்தாழக் குறையவில்லை என்று காட்டியது. பூட்டைப் பாராமலேயே சாவியைத் தெரிவுசெய்ய முடிந்ததெனில், வலையமைப்பு கற்றது பிணைப்பை அன்று. போலிகளைத் தொகுத்த விதத்தில் மறைந்திருந்த வேறுபாட்டையே அது கற்றது.

அண்மைக்காலம்

2021-இல் ஆல்ஃபாஃபோல்ட் 2-இன் ஆய்வுரை வெளியானதும் புரத வடிவக் கணிப்பு புதிய நிலையை எட்டியது. 2022-இல் வந்த டிஃப்டாக் முதலிய முறைகள் மூலக்கூறு அமரும் நிலையையும் கற்றலால் கணித்தன. 2023-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் உருவாக்கிய போஸ்பஸ்டர்ஸ் சோதனை, கணித்த நிலையில் பிணைப்பு நீளங்கள் இயல்பாக உள்ளனவா, அணுக்கள் மோதுகின்றனவா என்று வினவியது. இயற்பியல் ஏற்புடைமையையும் பயிற்சியில் காணாத புரதங்களையும் கருதியபோது, அன்று சோதிக்கப்பட்ட ஆழ்கற்றல் முறைகளுள் எதுவும் மரபான பொருத்து முறைகளை விஞ்சவில்லை. 1963-இல் புரதச் சங்கிலியை நோக்கி எழுப்பப்பட்ட வினாவே, அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதனுடன் பிணையும் மூலக்கூற்றை நோக்கி எழுந்தது எனக் கருதலாம். 2024-இல் வெளியான ஆல்ஃபாஃபோல்ட் 3-உம் இச்சோதனைத் தொகுதியின்மீதே தன் திறனைக் காட்ட வேண்டியதாயிற்று.

முடிவுரை

இவ்வரலாற்றில் ஒவ்வொரு புதிய முறையும் உயர் மதிப்பெண்ணுடன் வந்தது. கடுமையான சோதனை ஒவ்வொன்றும் அம்மதிப்பெண்ணில் எவ்வளவு மனப்பாடம், எவ்வளவு புரிதல் என்று பிரித்துக் காட்டியது. மருந்தாய்வுக்கு வேண்டுவது இதுவரை எவரும் காணாத இணைவைப் பற்றிய விடையாதலின், இப்பிரிப்பு இன்றியமையாதது. ஆகவே இத்துறையின் ஆய்வுரைகளைப் பயில்வோர், பெற்ற மதிப்பெண்ணை நோக்கும் முன்னர், சோதனைத் தரவு பயிற்சித் தரவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை நோக்குதல் வேண்டும்.