பொய்த்தது வானமா?

கழுதைக்கும் கழுதைக்கும் கல்யாணம்! மஞ்சள் பூசி, மாலை சூட்டி, மேளம் முழங்க ஊர்வலம்! எதற்காக? மழைக்காக! இன்னோர் ஊரில் வைக்கோலால் ஓர் உருவம்; 'கொடும்பாவி' என்று அதற்குப் பெயர். தெருத்தெருவாக இழுத்துச் சென்று, மாரடித்து அழுது, ஊர்க்கோடியில் கொளுத்துகிறார்கள். யாரோ செய்த பாவத்தால்தான் வருணன் கண் திறக்கவில்லையாம்! வறண்ட ஆண்டுகளில் தமிழகத்துச் சிற்றூர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவந்த காட்சிகள் இவை.

எள்ளி நகையாட நாம் இதை எழுதவில்லை, தோழர்களே! வயிறு காய்ந்தவன் கையில் கிடைத்ததைப் பற்றிக்கொள்வான். மழை எப்படி வருகிறது என்று அவனுக்குச் சொல்லித் தராத சமுதாயந்தான் தலைகுனிய வேண்டும்.

கோவையில் நின்று மேற்கே பாருங்கள். ஆனி, ஆடியில் மலை முகட்டில் கருமேகம் குவிந்திருக்கும். நம் தலைமேல் காற்று மட்டும் சுழன்றடிக்கும். வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. கோவை நகருக்குக் கிடைப்பதோ சராசரியாக 600, 700 மில்லிமீட்டர். வால்பாறை செய்த புண்ணியம் என்ன? பல்லடம் செய்த பாவம் என்ன?

புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. கோடையில் நிலம் விரைந்து சூடேறும். கடல் மெல்லச் சூடேறும். நிலத்தின்மேல் காற்றழுத்தம் குறைய, அரபிக்கடலின் ஈரக்காற்று அங்கே பாய்கிறது. மேற்கு மலைத்தொடரில் முட்டி மேலே எழுகிறது, எழுந்து குளிர்கிறது, குளிர்ந்து மழையாகிறது. மலை கடந்து இறங்கும்போது அந்தக் காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. கொங்கு நாடு மலையின் மழை மறைவில் கிடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் சாரல் போக, நம் சமவெளி பெரிதும் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் தரும் வடகிழக்குப் பருவமழையைத்தான். காற்றைச் செலுத்துவது கதிரவனின் வெப்பமே என்று எட்மண்டு ஹாலி எனும் ஆங்கில அறிஞர் 1686லேயே எழுதிவிட்டார்!

இனி வரலாற்றுக்கு வருவோம். 1876. தமிழாண்டு தாது. தென்மேற்கு ஏமாற்றியது, வடகிழக்கும் ஏமாற்றியது. 1877இல் தென்மேற்கு மீண்டும் ஏமாற்றியது. கிணறுகள் வற்றின, கால்நடைகள் சாய்ந்தன. கோவை, சேலம் மாவட்டங்கள் கடுமையாகத் தாக்குண்டன. 'தாது வருசப் பஞ்சம்' என்று பாட்டிமார் வாயிலும் கும்மிப் பாடல்களிலும் நின்றுவிட்ட கொடுமை அதுதான்.

இதை வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் கேட்பதுண்டு: "மழை பெய்யாததற்கு அரசு என்ன செய்யும்?" நல்ல கேள்வி! மழையை அரசு பெய்விக்க முடியாது. ஆனால் சோற்றைத் தர முடியும் அல்லவா? தந்ததா?

1877 சனவரி முதல் நாள் டெல்லியில் தர்பார்! விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று முழக்கம்! விருந்து, வாணவேடிக்கை! தெற்கே மக்கள் மடிந்துகொண்டிருந்தனர். தானியம் துறைமுகத்தில் கப்பலேறிக் கொண்டிருந்தது. விலையில் தலையிட லிட்டன் பிரபுவின் அரசு மறுத்தது. சிக்கனம் செய்ய அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், நாளெல்லாம் கல்லுடைக்கும் ஆளுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கணக்கிட்டார். ஒரு ராத்தல் என்பது 450 கிராம்! சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடினார். சில மாதங்களில் கூலி உயர்ந்தது. அதற்குள் எத்தனை உயிர்கள்! பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் மாண்டவர் 50 இலட்சத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு.

முதலில் விழுந்தவர் யார்? நிலமற்ற கூலி, நெசவாளி, சேரியில் ஒதுக்கப்பட்டவன். ஊர்க்கிணற்றை அண்டவும் உரிமையற்றவனுக்கு வானமும் வறண்டது, ஊரார் நெஞ்சும் வறண்டது. விதி ஆள் பார்த்து அடித்ததா? இல்லை, சாதி ஆள் பார்த்துத் தள்ளியது.

வானத்தின் புதிருக்கு விடை தேடியவர்களும் உண்டு. 1875இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. 1904இல் அதன் தலைமையை ஏற்ற கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர், உலகெங்குமிருந்து அழுத்தக் கணக்குகளைத் திரட்டினார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது. அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது! இந்த ஏற்றப்பலகை ஆட்டத்துக்குத் 'தெற்கு அலைவு' என்று 1920களில் பெயரிட்டார். பெரு நாட்டு மீனவர்கள் கிறிஸ்துமசை ஒட்டி வரும் வெந்நீரோட்டத்தைக் குழந்தை ஏசுவின் பெயரால் 'எல் நினோ' என்றழைத்தனர். அதையும் வாக்கரின் அலைவையும் 1969இல் இணைத்துக் காட்டினார் ஜேக்கப் பியர்க்னஸ். பெயர் தெய்வத்தினுடையது; அளந்ததோ வெப்பமானி!

1877இல் பசிபிக் பெரிதும் சூடேறியிருந்தது என்று இன்று அறிகிறோம். அதே காலத்தில் வட சீனத்திலும் பிரேசிலின் வடகிழக்கிலும் வறட்சி. பல்லடத்துப் பாவம் பிரேசிலைப் பற்றியதோ?

எல் நினோ வந்தால் தென்மேற்கு குறைவது பெரும்பாலும் நடக்கும், எப்போதும் அன்று. 1997இல் அது வலுத்திருந்தும் இந்தியாவில் மழை குறையவில்லை. தன் கணக்கு தவறுமிடத்தை அறிவியல் தானே சொல்கிறது. எந்தச் சோதிடன் சொல்லியிருக்கிறான்?

2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 140 ஆண்டுகளில் காணாத வறட்சி. உழவர் சிலரின் சாவு நம் நெஞ்சைச் சுட்டது. ஆயினும் தாது வருசம் திரும்பவில்லை. காரணம் யாகமா? ரேஷன் கடை அரிசி! மேற்கே ஓடிய ஆற்றுநீரை மலை குடைந்து நம் சமவெளிக்குத் திருப்பிய பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம், 1955இல் முடிந்த கீழ்பவானி அணை போன்ற மனித முயற்சிகள்!

அப்படியிருந்தும் 2019இல் மழைக்காகக் கோயில்களில் யாகம் நடத்தச் சொல்லி அறநிலையத் துறையே சுற்றறிக்கை விட்டது. கழுதைக் கல்யாணம் செய்த பாமரனை இனி யார் பழிப்பது?

மழை குறைவது கடலும் காற்றும் செய்வது. மக்கள் மடிவது மனிதர் செய்வது. முன்னதை அளந்து அறிவோம். பின்னதைத் தட்டிக் கேட்போம். உங்கள் ஊரில் அடுத்த கொடும்பாவி கட்டப்படும்போது, பக்கத்தில் நின்று இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள், தோழர்களே: பொய்த்தது வானமா?