தாபோடிப் பணிமனையும் ஒரு சதவீதமும்

புனேயிலிருந்து போகும் பழைய மும்பைச் சாலை, ஹாரிஸ் பாலத்தில் முலா ஆற்றைத் தாண்டியதும் தாபோடி. 1948இல் ரூர்க்கியிலிருந்து வந்த ராணுவப் பொறியியல் கல்லூரியும், பஸ்ஸுக்குப் பாடி கட்டும் மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பணிமனையும் ஊரின் அடையாளங்கள். பாலத்துக்கு முன்பே, கட்கியில் இருப்பது இன்னும் பழையது: முதல் உலகப் போரில் ஊனமுற்ற சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுத்தர 1917இல் பம்பாயில் தொடங்கி, பிறகு இங்கே வந்த குயின் மேரி தொழில்நுட்பப் பள்ளி. பென்ஷனோடு கைகழுவிவிடாமல் கையில் தொழிலையும் கொடுப்பது அந்தக் காலத்துக்குப் பெரிய எண்ணம்தான். ஆனால் ஊனம் என்றால் உடம்பில் கண்ணுக்குத் தெரியும் குறை என்பது அதன் அடிப்படைக் கணக்கு. அந்தக் கணக்கிலிருந்து நம் வேலைவாய்ப்புச் சட்டம் வெளியே வர ஏறக்குறைய நூறு ஆண்டு பிடித்தது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தகுதிக்கேற்ற வேலையின்றி நிற்பதற்கு அந்தத் தாமதமும் ஒரு காரணம் என்பது என் வாதம்.

1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் அரசுப் பணியில் 3 சதவீதம் ஒதுக்கியது: பார்வை, செவி, கை கால் இயக்கம் என ஆளுக்கு ஒன்று. ஆட்டிசம் பட்டியலிலேயே இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லி ஏற்றது. ஆனால் அதன் மையக் கவலை பெற்றோரின் கவலை: எங்களுக்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பார்கள்? ஆகவே பதினெட்டு வயதைக் கடந்தவருக்கும் பாதுகாவலரை நியமிக்க வழி செய்தது. வேலைக்கு ஒதுக்கீடு தரவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் ஒதுக்கீடு 4 சதவீதமாகி, அதில் ஒன்று ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை ஊனம் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவாக வந்தது. ஒரே இலையில் ஐந்து பேருக்குப் பந்தி! தாபோடிப் பணிமனை அரசுக் கழகத்துடையது என்பதால் அதையும் இந்தச் சட்டம் கட்டுப்படுத்தும். ராணுவத்தின் போர்ப்பிரிவுப் பணியிடங்களுக்கு 2021இல் விலக்கு தரப்பட்டது. சிவிலியன் பணியிடங்கள் அதில் சேரவில்லை.

சட்டம் திறந்த வாசலிலும் ஒரு நிலைப்படி இடிக்கிறது. சான்றிதழுக்கு நம் நாட்டில் பயன்படும் ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து மதிப்பெண். 70 வந்தால் 40 சதவீத ஊனம், ஒதுக்கீட்டுக்குத் தகுதி. அதன் முதல் கூறே கண்ணைப் பார்த்துப் பேசாமை. சான்றிதழில் உரிமை வாங்கித் தருகிற அதே இயல்பு, நேர்முகத் தேர்வில் ‘தன்னம்பிக்கை போதாது’ என்று கழிக்கப்படுகிறது. பஸ் பாடித் தகட்டில் துளைகள் வரிசை பிசகாமல் விழுந்தனவா என்று பார்க்கிறவர் யார் கண்ணைப் பார்த்தால் என்ன?

மத்திய அரசு 2016 முதல் கீழ்நிலைப் பதவிகளுக்கு நேர்முகத் தேர்வையே எடுத்துவிட்டதே என்பார்கள். உண்மை, நல்ல முடிவும்கூட. ஆனால் வேலைகளில் பெரும்பங்கு தனியாரிடம்; அங்கே வாயும் சிரிப்பும்தான் இன்னும் முதல் தகுதி. ஆட்டிசம் உள்ளவருக்குக் கணினிதான் சரி என்போரும் உண்டு. ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்க டென்மார்க்கில் 2004இல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டெர்னே நிறுவனம், பெங்களூரில் 2011இல் எஸ்ஏபி மென்பொருள் நிறுவனம் எடுத்த முயற்சி இரண்டும் மென்பொருள் சோதனையில் ஆரம்பித்தவை என்பதால் வந்த எண்ணம் இது. எல்லோரும் கணக்குப் புலிகள் அல்லர். அப்படி இருந்தால்தான் வேலை என்பதும் இன்னொரு கதவடைப்பே. அந்த முயற்சிகளில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: ஸ்பெஷலிஸ்டெர்னே நேர்முகத்துக்குப் பதிலாக ரோபோ பொம்மைகளைக் கட்டச் சொல்லி, செய்கையைப் பார்த்து ஆளை எடுத்தது. அதற்கு நம்மிடம் புதுச் சட்டம்கூட வேண்டாம். வேலையிடத்திலேயே பயிற்சி தந்து, பேச்சை விட்டு வேலையைப் பார்த்து ஆளை அறிய இடம்தரும் அப்ரண்டிஸ் சட்டம் 1961இலிருந்தே இருக்கிறது. பணிமனைகள் அதில் தொடங்கட்டும்.