ஜாடியில் எழுதாத பேர்

நம்ம வீட்டு ஊறுகாய் ஜாடி மாதிரிதான் இருக்கும். கெட்டிக் களிமண்ணைச் சுட்டு மெருகேற்றியது. வாய் மட்டும் குறுகல். தூக்க ஒரு காது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், லிஞ்ச்பர்க் என்ற சிற்றூரில் காய்ச்சிய விஸ்கியை 19ஆம் நூற்றாண்டில் இந்த மாதிரி ஜாடிகளில் விற்றார்கள். சதுர பாட்டில் வந்தது 1895ல். ஜாடி வயிற்றில் முதலாளி பேர் இருக்கும்: ஜாக் டேனியல். பழம்பொருள் சேகரிப்பவர்கள் அந்தப் பேருக்காகத்தான் பணம் கொடுக்கிறார்கள். அதற்கடியில் அமுங்கிக் கிடந்த இன்னொரு பேரைப் பற்றி நான் பேச வேண்டியிருக்கிறது.

நாதன் கிரீன். ஊர் கூப்பிட்டது 'அங்கிள் நியரஸ்ட்'. கறுப்பர், அடிமை. அவரைச் சொத்தாக வைத்திருந்த கம்பெனி, டான் கால் என்பவரிடம் அவரை வாடகைக்கு விட்டிருந்தது, உழவு மாட்டை வாடகைக்கு விடுகிற மாதிரி. டான் கால் லூத்தரன் சபையில் பிரசங்கம் செய்தவர். கடையும் சாராய வடிசாலையும் நடத்தியவர். அங்கே எடுபிடி வேலைக்கு வந்த வெள்ளைக்காரப் பையன்தான் ஜாக். ஊறல் போடுவது, காய்ச்சுவது, வடிப்பது எல்லாம் பையனுக்குக் கற்றுக்கொடுத்தவர் நியரஸ்ட். வடித்த சாராயத்தை மேப்பிள் மரக்கரி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குவது டென்னசி விஸ்கியின் அடையாளம். மேற்கு ஆப்பிரிக்காவில் கரியால் தண்ணீரைச் சுத்தம் செய்த வழக்கத்தோடு இதற்கு உறவு உண்டு என்று கருதும் உணவு வரலாற்றாளர்கள் இருக்கிறார்கள்.

1865ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஜாக் சொந்தத் தொழில் தொடங்கியதும் நியரஸ்டையே தலைமை வடிப்பாளராக வைத்துக்கொண்டார். நியரஸ்டின் மகன்களும் பேரன்களும் அதே தொழிலில் உழைத்தார்கள். ஜாக் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். வடிசாலை அவர் சகோதரி மகன் லெம் மோட்லோவுக்குப் போனது. 1956ல் மோட்லோ குடும்பம் அதை பிரவுன்-ஃபோர்மன் கம்பெனிக்கு விற்றது. ஒரு குடும்பத்துக்குச் சொத்து பரம்பரையாக வந்தது. இன்னொரு குடும்பத்துக்கு வேலை பரம்பரையாக வந்தது. இந்தக் கணக்கை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இது யாருக்கும் தெரியாத ரகசியமுமல்ல. 1967ல் வெளியான ஜாக் டேனியல் வாழ்க்கை வரலாற்றிலேயே நியரஸ்ட் வருகிறார். ஆனாலும் நிறுவனம் சொன்ன கதையில் நெடுங்காலம் பிரசங்கியார்தான் குரு. 2016ல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகு, 2017ல்தான் நியரஸ்டை முதல் தலைமை வடிப்பாளர் என்று நிறுவனம் ஏற்றது. அவருடைய படம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. ஜாக் பக்கத்தில் ஒரு கறுப்பர் உட்கார்ந்திருக்கும் பழைய படம் ஒன்று உண்டு. அவர் நியரஸ்டின் மகன் ஜார்ஜாக இருக்கலாம் என்கிறார்கள்.

சரக்குக்குத்தான் இந்தக் கதி என்றில்லை. ஜாடி வனைந்த கைகளுக்கும் இதே கதிதான். அதை மீறிய ஒருவர் தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்டு பகுதியில் இருந்தார். அடிமைக் குயவர் டேவிட் டிரேக். அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதை 1834ல் சட்டம் போட்டுத் தடுத்த மாநிலம் அது. அங்கேதான் அவர் தன் ஜாடிகளின் ஈரமண்ணில் 'டேவ்' என்று பேரும் தேதியும் கீறினார், செய்யுளும் எழுதினார். அவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

நம்ம பெரியவர்களின் கைவேலையையும் அவர்கள் இருக்கும்போதே கேட்டு, பேரோடு எழுதி வைப்போம். கம்பெனிக்காரன் ஒப்புக்கொள்ளட்டும் என்று நூற்றைம்பது வருசம் காத்திருக்க நம்மால் ஆகாது.