பம்பையாற்றுப் பேத்தை தொட்டிக்கு வந்த கதை

நம் கடற்கரையில் வலையோடு பேத்தை வந்தால் எடுத்து மணலில் வீசிவிடுவார்கள். விஷ மீன், கறிக்கு ஆகாது. அதே குடும்பத்தில், கடலையே பார்க்காமல் கேரளத்து ஆறுகளில் பிறந்து வளரும் பொடிப் பேத்தை ஒன்று உண்டு. நன்றாக வளர்ந்தாலும் பெரும்பாலும் இரண்டரை சென்டிமீட்டர்தான். உலகச் சந்தையில் இதற்கு ‘பீ பஃபர்’ என்று பெயர். கொளத்தூரில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் நான், இதன் கதையைச் சொல்லாமல் யாருக்கும் கவரில் கட்டிக் கொடுப்பதில்லை.

மலபார் மீன்களைப் பற்றி பிரான்சிஸ் டே 1865இல் தனி நூலே வெளியிட்டார். அதற்குப் பிறகும் 76 ஆண்டுகள் கழித்துத்தான் இந்தப் பேத்தைக்கு அறிவியல் பெயர் கிடைத்தது. பம்பையாற்று மீன்களை ஆராய்ந்து 1941இல் அதைச் சூட்டியவர்கள் சுந்தர் லால் ஹோராவும் கே.கே. நாயரும். அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பெயர் இன்றும் அந்த அறிவியல் பெயரில் இருக்கிறது. இதைப் போலவே தோற்றமுள்ள இன்னோர் இனம் 1999இல்தான் தனியாக அடையாளம் காணப்பட்டது.

சின்னக் கண்ணாடித் தொட்டியில் செடி வளர்க்கும் மோகம் 2000க்குப் பிறகு பரவியதும் இந்த மீனுக்குக் கிராக்கி ஏறியது. ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் மீன் ஊர் ஊராகப் போனது. வளர்க்கும் முறை கூடவே போகவில்லை. சந்தையில் ஏற்கெனவே இருந்த பச்சைப் புள்ளிப் பேத்தை வளர வளர உப்புத் தண்ணீர் கேட்கும். அந்த வழக்கத்தில் இதற்கும் உப்பைக் கலந்தார்கள். இதுவோ ஆயுள் முழுக்க நன்னீரில் வாழ்வது.

அடுத்த கொடுமை பட்டினி. மற்ற மீன்களுக்குப் போடும் குருணைத் தீனியை இது பெரும்பாலும் சீண்டாது. அசையும் இரைதான் வேண்டும்: சிவப்புப் புழு, ஆர்ட்டீமியா, டாஃப்னியா, எல்லாவற்றுக்கும் மேலாக நத்தை. தொட்டியில் ஒரு நத்தையைப் போட்டுவிட்டுப் பாருங்கள். முதலில் உடம்பு அசையாது. இரண்டு கண்களும் தனித்தனியே உருளும். பிறகு மெதுவாக நெருங்கி, வாலை ஒரு பக்கம் வளைத்து நிற்கும். நத்தை ஓட்டை விட்டுத் தலை நீட்டிய நொடியில் ஒரே கடி. மேலே இரண்டு, கீழே இரண்டாகப் பல் தகடுகள் நான்கு. அவை வளர்ந்துகொண்டே இருப்பவை. ஓட்டைக் கடிக்கக் கடிக்கத்தான் தேயும். எனவே செடியோடு ஒட்டி வரும் நத்தைகளைத் தொல்லை என்று எறியாமல், தனி டப்பாவில் பெருக்கி வையுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

இருப்பிடமும் அப்படித்தான். உருவம் சிறியது என்று கிண்ணத்தில் விடக் கூடாது. ஒரு மீனுக்கே இருபது லிட்டர் தண்ணீராவது வேண்டும். கூட்டமாக வைத்தால் அதற்கேற்பப் பெரிய தொட்டி. ஆண்கள் எல்லை வகுத்துக்கொண்டு சண்டை போடும். ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று விட்டு, ஒன்றை ஒன்று பார்க்காதபடி அடர்த்தியாகச் செடி வைக்க வேண்டும். வயிற்றின் நடுவே கறுப்புக் கோடும் கண்ணுக்குப் பின்னால் சுருக்கமும் இருந்தால் ஆண்.

வீட்டுத் தொட்டியில் செத்த ஒவ்வொரு மீனுக்கும் பதிலாக இன்னொன்று ஆற்றிலிருந்து வந்தது. 2005 முதல் 2012 வரை, அழியும் நிலையிலுள்ள 30 நன்னீர் இனங்களைச் சேர்ந்த 15 லட்சத்துக்கும் அதிகமான மீன்கள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியானதை ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தப் பேத்தையும் அந்தப் பட்டியலில் உண்டு. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் இதை அழிவை எதிர்நோக்கும் இனமாக வகைப்படுத்தியிருக்கிறது. வாழிடம் கெடுவது ஒரு காரணம், அள்ளி விற்பது இன்னொன்று. முதலாவதை என் கடையில் உட்கார்ந்து தீர்க்க முடியாது. இரண்டாவது எங்கள் தொழிலின் பொறுப்பு.

இந்த மீன் தொட்டியிலேயே பாசிக்குள் முட்டையிடும். குஞ்சுகளுக்கு நுண்ணுயிர்த் தீனி கொடுத்துப் பொறுமையாக வளர்க்க முடியும். கப்பியையும் ஏஞ்சலையும் சொந்தத் தொட்டிகளில் பெருக்கி நாடெங்கும் அனுப்பும் கொளத்தூர்க் குடும்பங்களுக்கு இது ஆகாத வேலையல்ல. ஆற்றில் அள்ளுவது மலிவாக இருப்பதால்தான் பலரும் முயல்வதில்லை. வாங்க வருபவர்கள் விலை கேட்பதற்கு முன் ‘இது பிடித்ததா, பொரித்ததா?’ என்று கேட்க ஆரம்பித்தால் அந்தக் கணக்கு மாறும். பொரித்த மீனுக்கு நாலு காசு கூடக் கொடுங்கள். அது நியாயமான விலை.